இரண்டு வருடத்துக்கு 7 கிலோ பை போதுமா? உகாண்டா தன்னார்வப் பணிக்கு மூட்டை கட்டுவது பற்றி

2024 பிப்ரவரி 3 (வாசகர் ஒருவரின் வாதம்)

ஜூன் மாதம் தன்னார்வப் பணிக்காக உகாண்டா போகிறேன். இரண்டு வருடம். ஊர் எதுவென்று இன்னும் சொல்லவில்லை. எங்கே போனாலும் 7 கிலோ கைப்பையோடு மட்டும் போகிறவன் நான். வியட்நாமை ஒரு மாதம் அப்படித்தான் சுற்றினேன். மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, எல்லாம் சீக்கிரம் உலரும் செயற்கை இழைத் துணி. மற்றதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்குப் போதுமானது இரண்டு வருடத்துக்கும் போதும் என்பது என் வாதம். மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பிப்ரவரி 3, இரவு

மறுக்கிறேன், காரணத்தோடு. ஃபோர்ட் போர்ட்டலில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பித்துவிட்டு வந்தவள் நான். உகாண்டாவின் மேற்கு ஓரம், ருவென்சோரி மலையடிவாரம்.

‘அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்’ என்பதில் எனக்குத் தகராறு இல்லை. நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே வாங்கலாம். வாளி, கொசுவலை, போர்வை, சோப்பு, குடை, சட்டை, பாவாடை, மழைக்கால ரப்பர் பூட்ஸ் எல்லாம் சந்தையில் கிடைக்கும். வியட்நாமை வைத்து வாதாடுவதில்தான் தகராறு. சுற்றுலாப் போகிறவர் கைப்பையோடு திரிய முடிவது ஏன்? கட்டில், தலையணை, தட்டு, டம்ளர், வெந்நீர் எல்லாம் விடுதிக்காரர் வைத்திருக்கிறார். நீங்கள் போவது குடித்தனம் நடத்த.

அதற்காக 46 கிலோ கட்டச் சொல்லவில்லை. ஆப்பிரிக்கா போகும் பல விமானங்களில் 23 கிலோ பெட்டி இரண்டுக்கு அனுமதி உண்டு. அனுமதி இருக்கிறதே என்று நிரப்புகிறவர்கள்தான் அதிகம். நான் ஒரு பெட்டியும் ஒரு கைப்பையும் கொண்டுபோனேன். விமானம் என்டெபேயில் இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு தலைநகர் கம்பாலாவின் பஸ் நிலையம், 300 கிலோமீட்டர் பஸ், கடைசியில் போடா எனப்படும் மோட்டார் சைக்கிள் டாக்சி. இரண்டாவது பெட்டியை அங்கே யார் தலையில் வைப்பது?

எதை அந்த ஊரை நம்பி விடலாம், எதை விட முடியாது என்ற கணக்கை முதலில் போடுங்கள். எடை பிறகு தானாக இறங்கும். எடையிலிருந்து தொடங்கினால், விட்டுவிட்டுப் போகக் கூடாததை விட்டுவிட்டுப் போவீர்கள்.

பிப்ரவரி 4

முக்கியமான ஒன்றை நேற்று எழுதவில்லை: அந்தச் செயற்கை இழைச் சட்டைகள்.

உகாண்டாவில் மாம்பழ ஈ என்று ஓர் ஈ இருக்கிறது. ஈரத் துணியை வெளியே கொடியில் போட்டால் அதன் மடிப்புகளில் முட்டை இடும். அந்தத் துணியை உடுத்தினால் முட்டை பொரிந்து வரும் புழு தோலுக்குள் புகுந்துவிடும். சில நாளில் கட்டி போல வீங்கும். நடுவில் ஒரு சிறு துளை. அதன் வழியாகத்தான் புழு மூச்சு விடும். துளை மேல் வாஸ்லைன் பூசி மூடினால் மூச்சுக்காகத் தலையை வெளியே நீட்டும், அப்போது பிதுக்கி எடுப்பார்கள்.

இதைத் தடுக்க அங்கே எல்லா வீட்டிலும் செய்வது ஒன்றுதான்: வெளியே உலர்ந்த ஒவ்வொரு துணியையும் சூடாக இஸ்திரி போடுவது. உள்ளாடை, துண்டு, தலையணை உறை எதற்கும் விலக்கு இல்லை. சொல்லப்போனால் உள்ளாடைதான் முதலில். மின்சாரம் இல்லாத மாலைகளில் கரிப் பெட்டி. சிகிரி எனும் கரி அடுப்பிலிருந்து கனிந்த கரியைக் கிடுக்கியால் எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். மூடிக் கொக்கி மாட்டி, வாசலில் நின்று முன்னும் பின்னும் வீசிச் சாம்பலைப் பறக்கவிட வேண்டும். முதலில் ஒரு பழந்துணியில் தேய்த்துப் பார்க்காமல் வெள்ளைச் சட்டையில் வைத்தால் கரிக்கோடு விழும். தையலோரம், இடுப்புப் பட்டை, காலர் மடிப்பு, இந்த இடங்களில் கை நிதானிக்க வேண்டும், முட்டை இருப்பது அங்கேதான். நம் ஊர் இஸ்திரி வண்டிக்காரர்களிடம் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதாக இருக்காது.

இப்போது உங்கள் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கரிப் பெட்டிச் சூட்டை அது தாங்குமா? சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பயணக் கட்டுரைகள் ‘சீக்கிரம் உலரும்’ என்று புகழும் துணி, இஸ்திரி போட்டே தீர வேண்டிய ஊரில் உதவாது. பருத்தி கனம்தான், உலரவும் நேரமாகும். இருந்தாலும் பருத்தி.

பிப்ரவரி 6

பயமுறுத்துகிறேனாம். இல்லை. பல பேர் இரண்டு வருடமும் ஒரு புழுவைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறார்கள், இஸ்திரி போடுவதால். வீட்டுக்குள்ளேயே உலர்த்தினாலும் ஈ வராது. அதற்கு ஒரு நைலான் கயிறு போதும். கொசுவலையை உத்தரத்தில் கட்டவும் அதே கயிறுதான். 10 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம்கூட இராது.

பயண விரிப்பு, மைக்ரோஃபைபர் துண்டு பற்றியும் கேட்டிருந்தார்கள். எதற்கு? நம் ஈரிழைத் துண்டு இரண்டு. அதைவிட வேகமாக உலரும் துண்டு எந்த நாட்டுக் கடையிலும் இல்லை. ஆண்கள் கைலி ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். போர்வை, திரை, பஸ் பயணத்தில் தலையணை எல்லாம் அதுவே.

பிப்ரவரி 10

‘ஆப்பிரிக்காதானே, எதற்கு ஸ்வெட்டர்’ என்று ஒருவர் சிரித்திருக்கிறார். ஃபோர்ட் போர்ட்டல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஏற்காட்டின் உயரம். ஊரைச் சுற்றித் தேயிலைத் தோட்டம். மழைக்காலக் காலையில் போடாவின் பின்னிருக்கையில் போகும்போது பல் கிட்டும். தென்மேற்கில் கபாலே இன்னும் உயரம், இன்னும் குளிர். ருவென்சோரியின் உச்சி 5,109 மீட்டர், அங்கே நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே பனி கிடக்கிறது.

ஆனாலும் ஸ்வெட்டர் ஒன்று போதும், முதல் வாரத்துக்கு. பிறகு சந்தைக்குப் போங்கள். குளிர் நாடுகளில் கழித்துக் கட்டிய துணி மூட்டை மூட்டையாக உகாண்டாவுக்கு வருகிறது. மிவும்பா என்பார்கள். கம்பாலாவின் ஓவினோ சந்தை அதற்குப் பேர் போனது. ஃபோர்ட் போர்ட்டலின் ம்பாங்கா சந்தையிலும் குவித்து வைத்து விற்பார்கள். குளிர் நாட்டுக்காரர் உடுத்திய கம்பளி, மலை ஊரில் நல்ல கம்பளிதானே. துவைத்து, ஆம், இஸ்திரி போட்டு உடுத்தலாம்.

பிப்ரவரி 11

புடவை எத்தனை என்று இரண்டு பெண்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள்.

ஒன்று. அதுவும் விழாவுக்கு. பருத்திப் புடவை, உள்பாவாடை, ரவிக்கை சேர்ந்தால் முக்கால் கிலோ போய்விடும். அதோடு பள்ளிகளுக்கு நான் போனது போடாவில். புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து செம்மண் சகதியில் போவது வீரம், புத்திசாலித்தனம் இல்லை. அங்கே ஆசிரியைகள் முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடை உடுத்துகிறார்கள். சல்வார் கமீஸை யாரும் குறை சொல்லவில்லை. மூன்று செட் கொண்டுபோனேன். அதற்கப்புறம் கிட்டெங்கேதான்.

கிட்டெங்கே என்பது பூப்போட்ட பருத்தித் துணி, ஆறு கெஜத் துண்டாக விற்பார்கள். கடை வராந்தாவில் கால் மிஷினோடு தையற்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அளவு எடுத்த மூன்றாம் நாள் பாவாடை கைக்கு வரும் என்பார்கள், வாரம் ஆகும். என் அளவுக்கு ஒரு சல்வாரைக் கொடுத்து, இதைப் பார்த்துத் தையுங்கள் என்றேன். பை வைத்துத் தைத்துக் கொடுத்தார், கேட்காமலே. நம் ஊர்த் தையற்காரர்கள் கெஞ்சினாலும் வைக்க மாட்டார்கள்.

உகாண்டாப் பெண்களின் விழா உடை கோமேசி. தோள்பட்டை நிமிர்ந்து நிற்கும், இடுப்பில் அகலக் கச்சை. கோவாவைச் சேர்ந்த தையற்காரர் ஒருவர் நூறாண்டுக்கு முன் வடிவமைத்தது என்பார்கள். கல்யாணத்துக்கு அழைத்தால் அதையே இரவல் தருவார்கள். நீங்கள் அதைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பதில் அவர்களுக்கு உள்ள மகிழ்ச்சி, உங்கள் காஞ்சிபுரத்தால் வராது. ஆக அந்த ஒரு புடவையும் வேண்டுமா என்று கேட்டால் யோசிக்க வேண்டியதுதான். என் கல்லூரி ஆண்டு விழாவில் கட்டினேன், மாணவிகள் முந்தானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சரி, ஒன்று இருக்கட்டும்.

உள்ளாடை மட்டும் இங்கிருந்தே, தாராளமாக. செருப்பும் அப்படியே. அளவு, வார்ப்பு, பழக்கம் இவற்றில் உடம்பு பேரம் பேசாது. மாதவிடாய்க் கப் பழகியவர்களுக்கு அது பெரிய எடைக்குறைப்பு. நாப்கின் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

பிப்ரவரி 17

மருந்து. இதில் மட்டும் எடை பார்க்காதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். 2016-இல் இருந்து அது ஆயுளுக்கும் செல்லும். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். அந்த மஞ்சள் நிறச் சான்றுப் புத்தகம் கைப்பையில், பாஸ்போர்ட்டோடு.

மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். டாக்ஸிசைக்ளின் எடுப்பவர்களுக்கு வெயில் தோலைச் சீக்கிரம் பொசுக்கும், தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். காய்ச்சல் வந்தால் சோதனையும் சிகிச்சையும் சிறிய ஊரிலும் கிடைக்கின்றன. மலேரியாவில் அவர்களுக்கு இருக்கும் கைப்பழக்கம் நம் மருத்துவர்களுக்கு இல்லை. நம்பிப் போகலாம்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரை தினமும் எடுப்பவர்கள் மூன்று மாதத்துக்கு எடுத்துப்போங்கள், பட்டையை உடைக்காமல், மருத்துவர் சீட்டோடு. சீட்டில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் அங்கே மருந்துக் கடையில் விழிப்பார்கள். மருந்தின் மூலப் பெயரை எழுதி வாங்குங்கள். கண்ணாடி இரண்டு, கண் பரிசோதனைச் சீட்டோடு.

துபாய் வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கென்று அம்மா பொட்டலம் கட்டி வைத்திருப்பார், பார்த்து எடுத்துவிடுங்கள். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளும் அங்கே வம்பு.

பிப்ரவரி 18

டாலர் நோட்டு. 2009-க்குப் பிறகு அச்சான, கிழியாத, கறை படாத 100 டாலர் நோட்டுகளாக வாங்குங்கள். பழைய வரிசை நோட்டைக் கம்பாலாவில் வாங்க மறுப்பார்கள். 5, 10, 20 டாலர் நோட்டுக்கு மாற்று விகிதத்தைக் குறைத்துத் தருவார்கள். இங்கே பணம் மாற்றும் கடையில் கட்டுக்கு ஸ்டேபிள் அடித்துக் கொடுக்க வந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். ஓட்டை விழுந்த நோட்டை அங்கே உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். ஊரில் அன்றாடச் செலவு செல்பேசிப் பணத்தில் நடக்கும். உள்ளூர் சிம் வாங்கப் பாஸ்போர்ட் போதும்.

மார்ச் 2

சமையல் பற்றிய கேள்விகள்தான் அதிகம் வந்திருக்கின்றன. நாம் நாம்தான்.

முதலில், கேழ்வரகு மாவு 3 கிலோ கட்டி வைத்திருக்கும் நாமக்கல்காரருக்கு: கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டிலிருந்து நம்மிடம் வந்த பயிர். மேற்கு உகாண்டாவில் அதை மரவள்ளி மாவோடு சேர்த்துக் கிண்டிக் களியாகப் பரிமாறுகிறார்கள். கரோ என்பார்கள். ஓலைக் கூடையில் மூடி வரும், பிய்த்து உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். மாவைப் பிரித்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

சப்பாத்தி தெருவோரம் எல்லாம் கிடைக்கும். அதில் முட்டைப் பொரியலைச் சுருட்டிக் கொடுத்தால் ரோலெக்ஸ். அரிசி, பீன்ஸ், நிலக்கடலைக் குழம்பு, வாழையிலையில் கட்டி வேகவைத்த மடோக்கே எனும் வாழைக்காய், கீரை, வெண்ணெய்ப் பழம். சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கூட்டுப் பெருங்காயம் ஒரு டப்பி, சாம்பார் பொடி அரை கிலோ, கொஞ்சம் கறிவேப்பிலைப் பொடி. தீர்ந்தால் கம்பாலாவில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. 1972-இல் இடி அமீன் இந்தியர்களை விரட்டினார். பிறகு பல குடும்பங்கள் திரும்பி வந்து கடை திறந்தன. உளுந்தும் புளியும் அங்கே வாங்கலாம்.

குக்கர் மட்டும் எடுத்துப்போங்கள். 3 லிட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பீன்ஸ் சிகிரி அடுப்பில் வேகப் பாதி நாள் ஆகும், கரி காசு. குக்கருக்குள் உள்ளாடையை அடைத்தால் இடமும் வீணாகாது. உபரி கேஸ்கட் இரண்டு, சேஃப்டி வால்வு ஒன்று, வெயிட் ஒன்று. இந்த நாலும் இல்லாத குக்கர் வெறும் பாத்திரம்.

மார்ச் 3

கம்பாலாவிலேயே இந்திய குக்கர் கிடைக்கும் என்று அங்கே இருந்தவர் ஒருவர் திருத்தியிருக்கிறார். உண்மை. விலை கூடுதல், அவ்வளவுதான். கம்பாலாவில் பணி கிடைத்தவர்கள் குக்கரை விட்டுவிடலாம்.

ஆனால் ‘கம்பாலா ஐந்து மணி நேரம்தானே, போய் வாங்கிக்கொள்ளலாம்’ என்பதை முழுக்க நம்ப முடியாது. 2022 செப்டம்பரில் எபோலா பரவல் அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் முபெண்டே, கசண்டா மாவட்டங்களில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். முபெண்டே எங்கள் கம்பாலா சாலையில் இருக்கிறது. 2023 ஜனவரி 11 அன்று பரவல் முடிந்ததாக அறிவித்தார்கள். அதுவரை கம்பாலா போவதை நானும் என்னோடு இருந்தவர்களும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். அப்போதுதான் எது எனக்கு இன்றியமையாதது என்று தெரிந்தது. பெருங்காயம் தீர்ந்தது, ஒன்றும் ஆகவில்லை. தைராய்டு மாத்திரைப் பட்டை குறையக் குறைய எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் என்று மேலே எழுதியதை ஆறு மாதம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 20

பிளக். உகாண்டாவில் சதுர முள் மூன்று கொண்ட பிளக், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பது. சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தை கொண்டுவந்த அடாப்டர் எந்த வீட்டுப் பரண்மேலும் இருக்கும், தேடுங்கள். 240 வோல்ட், ஆகவே நம் சார்ஜர்களே ஓடும். அடாப்டர் ஒன்று, நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று. ஆறு அடாப்டர் வேண்டாம்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். 20,000 எம்ஏஎச் தாராளம். நெற்றியில் கட்டும் விளக்கு வாங்குங்கள், தேள் தேடவும் விடைத்தாள் திருத்தவும். சூரிய விளக்கு அங்கேயே நன்றாகக் கிடைக்கிறது.

ஏப்ரல் 14

புத்தாண்டு. கேள்வி எதுவும் இல்லை, ஆகவே என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன்.

தமிழ்ப் புத்தகம் எத்தனை கொண்டுபோகலாம் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாரும் மின்னூல் கருவியில் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. நானும் கருவியில்தான் படித்தேன். ஆனால் தாள் புத்தகம் இரண்டு வைத்திருந்தேன். மின்சாரம் இல்லாத வாரம் வரும், கருவியும் உறங்கிவிடும்.

எங்கள் வீட்டில் கட்டாயப்படுத்திப் பெட்டியில் வைத்தது தினசரி கிழிக்கும் நாட்காட்டி. எடையைப் பார்த்து எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி உள்ளே வைத்தார்கள். ஃபோர்ட் போர்ட்டலில் அதைச் சுவரில் மாட்டியதும் வீட்டுக்காரம்மாவின் பேரன் தினமும் காலையில் வந்து தாளைக் கிழிக்கும் வேலையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான். பின்பக்கம் வெற்றாக இருந்த தாள்களில் கூட்டல் கணக்குப் போட்டான். இராகு காலம், எமகண்டம் என்ன என்று வீட்டுக்காரம்மா கேட்டார். நல்லது எதையும் அந்த நேரத்தில் தொடங்க மாட்டார்கள் என்றேன். அப்படியானால் உங்கள் ஊர் அலுவலகங்கள் எப்போது திறக்கும் என்றார். பதில் வரவில்லை எனக்கு.

அந்தப் பகுதியின் டூரோ மக்கள் வெளியூர்க்காரருக்கும் எம்பாக்கோ என்று ஒரு பெயர் வைப்பார்கள். வணக்கம் சொல்லும்போது அந்தப் பெயரால்தான் அழைக்க வேண்டும். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வழக்கம் அது. எனக்கு வைத்த பெயர் அமூட்டி. சந்தையில் தக்காளிக்காரம்மா ‘அமூட்டி’ என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு விலை குறைந்தது என்று சொல்ல ஆசைதான். குறையவில்லை. ஒரு தக்காளி கூடுதலாக விழுந்தது.

வீட்டுப் படங்கள் பத்துப் பதினைந்து அச்சிட்டு எடுத்துப்போங்கள், செல்பேசியில் காட்டுவது வேறு. கையில் வாங்கி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய், ‘இவர் யார், ஏன் சிரிக்கவில்லை’ என்று கேட்பார்கள்.

ஏப்ரல் 15

நேற்று எழுதியதைப் பார்த்து, குழந்தைகளுக்குப் பென்சில், பேனா, பழைய துணி 10 கிலோ கொண்டுபோகலாமா என்று ஒருவர். கைப்பை ஆசாமியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடியவில்லை. ஃபோர்ட் போர்ட்டலில் எழுதுபொருள் கடை வரிசையாக இருக்கிறது. அந்தக் கடைக்காரருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பென்சில் தர விருப்பமென்றால் அவரிடம் வாங்கிக் கொடுங்கள், அதுவும் தலைமை ஆசிரியர் கேட்ட பிறகு. பழைய துணி? சந்தையில் மலை மலையாகக் கிடக்கிறது என்று பிப்ரவரியிலேயே எழுதிவிட்டேன். பயிற்றுநர் மிட்டாயும் பேனாவும் இறைத்துக்கொண்டு வந்தால் அடுத்த வாரம் வகுப்பில் பிள்ளைகள் பார்ப்பது கரும்பலகையை அல்ல, உங்கள் பையை.

நான் கொண்டுபோன பாடப் பொருள் புளியங்கொட்டையும் பல்லாங்குழி ஆடும் பழக்கமும். அங்கே அதுபோல ஓமுவேசோ என்ற ஆட்டம் இருக்கிறது, நாலு வரிசைக் குழி. புளியங்கொட்டையே தேவைப்படவில்லை, அவர்களிடம் கொட்டை இருந்தது. நான் தோற்றேன், கணக்கு டீச்சர் தோற்றார் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு.

மே 5

கைப்பை ஆசாமிக்கு ஊர் சொல்லிவிட்டார்கள்: குலு. வடக்கு. நான் எழுதியதில் பாதி அவருக்குப் பொருந்தாது.

குலுவுக்கு ஸ்வெட்டர் வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட வெயில், புழுதி. தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, தண்ணீர்ப் புட்டி. உயரம் சுமார் 1,100 மீட்டர், ஆகவே குக்கர் வாதமும் கொஞ்சம் தளர்கிறது. கரி மிச்சமாகும் என்பதற்காகக் கொண்டுபோகலாம். கரோவுக்குப் பதிலாக அங்கே எள்ளும் நிலக்கடலையும் அரைத்த விழுது, எல்லாவற்றிலும் போடுவார்கள். நல்லெண்ணெய் நாக்குக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? இஸ்திரி வாதம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. உங்களுக்கு முன் அந்தப் பணியில் இருந்தவர் யாரென்று அமைப்பிடம் கேட்டு இன்றே எழுதுங்கள். போகிறவர் கொசுவலை, அடுப்பு, வாளி, ஹெல்மெட் எல்லாவற்றையும் வருகிறவருக்கு விட்டுப் போவது அங்கே வழக்கம். நான் எழுதியிருக்கும் பட்டியல் முழுவதையும்விட அந்த ஒரு மின்னஞ்சல் அதிக எடை குறைக்கும். இதை முதல் நாளே எழுதியிருக்கலாம், அப்போது ஊர் தெரியாமல் யாருக்கு எழுதுவது?

மே 26

அவர் எடை போட்டுப் பட்டியல் தந்திருக்கிறார்: 14 கிலோ. 7-லிருந்து 14. நான் அவரைக் கெடுத்துவிட்டேன் என்கிறார். பார்ப்போம்.

பருத்திச் சட்டை ஐந்து, சரி. செருப்பு ஒன்று, மூடிய ஷூ ஒன்று, சரி. மண்ணில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், ஜிக்கர் எனும் தெள்ளுப்பூச்சி நகக்கண்ணில் புகுந்துவிடும். மடிக்கணினி, சரி. டிரோன்? இறக்குங்கள். சுங்கத்தில் மாட்டுவீர்கள், அனுமதி வாங்காமல் அங்கே பறக்கவிட முடியாது. மடக்கு நாற்காலி? ஐயா, ஒன்றே கால் கிலோ! குலுவில் தச்சர்கள் இல்லையா? மாத்திரை ஆறு மாதத்துக்கு, நல்லது. சான்றிதழ் நகல்கள், நோட்டரி கையெழுத்தோடு, போலீஸ் கிளியரன்ஸ், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு டஜன்: பணி அனுமதிக்கு இவை வேண்டியிருக்கும், நல்லது. ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் போட்டுவையுங்கள்.

நாற்காலியும் டிரோனும் போனால் 12 சொச்சம். ஒரு கைப்பை, ஒரு தோள்பை. போடாவில் ஏறும்.

ஜூன் 30

போய்ச் சேர்ந்துவிட்டார். முன்பு இருந்தவர் சைக்கிள் ஒன்றை விட்டுப் போயிருக்கிறாராம், உதிரிப் பாகம் இங்கிருந்து அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். வேண்டாம். கனமான பழைய பாணி சைக்கிள்தான் அங்கே ஓடுவது, டியூப், டயர், பிரேக் கட்டை எல்லாம் குலுச் சந்தையிலேயே கிடைக்கும். கியர் வைத்த வெளிநாட்டு சைக்கிளாக இருந்தால் டயர் அளவைப் பக்கவாட்டில் பார்த்து எழுதுங்கள், ஜூலையில் என் பழைய மாணவி ஒருத்தி சென்னையிலிருந்து அங்கே வருகிறாள், டியூப் இரண்டு கொடுத்துவிடுகிறேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்காதீர்கள், அவள் பெட்டியும் நிரம்பிவிட்டது.